காக்கை வடையைத் தொடும் ஃபிரேம்

வேடசந்தூரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் 'ஃபிரேம்' என்றால் நூல் முறுக்கும் எந்திரம். அதில் வரிசையாக நிற்கும் ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றும். வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு தூண் மாதிரிதான் தெரியும். வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதன்முன் கையடக்கமான ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கைப் பிடிப்பார்கள். விளக்கு மினுக்கும் வேகமும் ஸ்பிண்டில் சுற்றும் வேகமும் ஒத்துப்போகும் இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பிண்டில் அப்படியே உறைந்து நிற்பதாகத் தோன்றும். ஓடுவதை நிற்கவைக்கும் இந்த வித்தையைத் திருப்பிப் போட்டால், நிற்பதை ஓடவைக்கலாம். 1832 வாக்கில் பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோவும் ஆஸ்திரியாவில் சைமன் ஸ்டாம்ஃபரும் ஒருவரை ஒருவர் அறியாமலே அதைச் செய்தார்கள். வட்டத்தட்டில் படிப்படியாக மாறும் படங்களை வரைந்து, தட்டைச் சுழற்றி, விளிம்பில் வெட்டிய பிளவுகள் வழியாகப் பார்த்தால் படம் அசைந்தது. ஸ்டாம்ஃபர் தன் தட்டுக்கு வைத்த பெயரிலேயே 'ஸ்ட்ரோபோஸ்கோப்' இருக்கிறது. ஆக, மில்லில் பிடிக்கும் விளக்கும் கார்ட்டூன் படமும் பங்காளிகள். இரண்டுக்கும் மூலதனம் ஒன்றுதான்: எந்தக் கணத்தில் எதைக் காட்டுவது என்ற கணக்கு.

அந்தப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் சிலர் பாட்டி வடை சுட்ட கதையைக் குறும்படமாக எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி நிஜம். அடுப்பு, வாணலி, எண்ணெய், வடை எல்லாம் நிஜம். குடகனாற்றங்கரையில் நிற்கும் மரமும் நிஜம். காக்கையும் நரியும் மட்டும் வரைந்தவை. இப்படி ஒரு படம் தொடங்கும்போது முதல் கவலை, காக்கையை யார் நன்றாக வரைவார்கள் என்பதாகத்தான் இருக்கும். முதலில் ஷூட்டிங், அப்புறம் வரைவது, கடைசியில் எல்லாவற்றையும் எடிட்டரிடம் கொடுத்து ஒட்டச் சொல்வது என்று வேலையும் வரிசைப்படும். இந்த வரிசை தப்பு என்பதே என் வாதம். காக்கை அந்த மரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, அந்த வடையைத்தான் தூக்கிப் போகிறது என்று பார்ப்பவரின் மூளையை ஒப்புக்கொள்ளவைப்பதில் கோட்டின் அழகுக்குச் சிறிய பங்கே உண்டு. பெரிய பங்கு நேரத்துக்கு. நேரத்துக்குக் கணக்குப்பிள்ளை எடிட்டர்தான் என்பதால், இவ்வகைப் படத்தில் எடிட்டிங்கின் பெரும்பகுதி முதல் காக்கையை வரைவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் சினிமாவுக்கு ஒரு விளக்கம் சொல்லித்தருவார்கள்: விழித்திரையில் விழுந்த பிம்பம் பதினாறில் ஒரு பங்கு வினாடி தங்கும், அதற்குள் அடுத்த படம் வந்துவிடுவதால் தொடர்ச்சியாகத் தெரிகிறது என்று. திரை ஏன் மினுக்கவில்லை என்பதற்கு இந்த விளக்கம் ஓரளவு உதவும். படம் ஏன் அசைகிறது என்பதற்கு உதவாது. பழைய பிம்பம் தங்கி, அதன்மேல் புதியது விழுந்தால் கிடைப்பது அசைவு இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய குழப்பம். 1912-இல் ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர், இரண்டு கோடுகளைச் சரியான இடைவெளியில் மாறிமாறிக் காட்டினால் ஒரே கோடு இடம்பெயர்வதாக மக்கள் காண்கிறார்கள் என்பதை ஆராய்ந்து எழுதினார். இடைவெளி மிகக் குறைந்தால் இரண்டும் ஒன்றாக எரிவதாகத் தெரியும். கூடினால் ஒன்று அணைந்து மற்றொன்று எரிவதாகத் தெரியும். நடுவில் உள்ள ஒரு குறுகிய சந்தில் மட்டும்தான் அசைவு பிறக்கிறது. கோடு என்ன நிறம், எவ்வளவு அழகு என்பதெல்லாம் அங்கே கணக்கிலேயே வராது.

இதைவிட வலுவான சான்று 1973-இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. குன்னார் யோஹான்சன், ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகளில் சிறு வெளிச்சப் புள்ளிகளை வைத்து, இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். திரையில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். வேறு ஒன்றுமே இல்லை. நிற்கும்போது அது ஏதோ நட்சத்திரக் கூட்டம். நகரத் தொடங்கியதும், பார்த்தவர்கள் நொடிக்குள் 'ஆள் நடக்கிறான்' என்றார்கள். அதற்கும் முன்பே, 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் இரண்டு முக்கோணங்கள், ஒரு வட்டம், திறந்து மூடும் ஒரு பெட்டி இவற்றை மட்டும் வைத்து ஒரு குட்டி அனிமேஷன் செய்து காட்டினார்கள். பார்த்தவர்கள் முக்கோணங்களைப் பற்றிப் பேசவில்லை. பெரியவன் மிரட்டுகிறான், சின்னவன் ஒளிகிறான் என்று கதை சொன்னார்கள். கண்ணும் வாயும் இல்லாத முக்கோணத்துக்குக் கோபம் வருமென்றால், அதன் கோபம் முழுவதும் எப்போது நகர்ந்தது, எப்போது நின்றது, எவ்வளவு வேகத்தில் நெருங்கியது என்பதில்தான் இருந்திருக்க வேண்டும். இறகு இறகாக வரைந்த காக்கை தப்பான நேரத்தில் தலையைத் திருப்பினால் அது ஸ்டிக்கர். கரிக்கட்டையால் கிறுக்கிய காக்கை, பாட்டி கை ஓங்கியதற்கு ஆறு ஃபிரேம், அதாவது திரையில் ஓடும் ஆறு படம், கழித்து ஓர் அடி பின்வாங்கினால், அது திருட்டுக் காக்கை.

இனி வடைக்கு வருவோம். படத்தின் உயிர்நாடியான ஷாட் அதுதான்: வரைந்த அலகு நிஜ வடையைத் தொடுகிறது, நிஜ வடை நகர்கிறது. வடையில் மெல்லிய தூண்டில் நரம்பைக் கட்டி, கேமராவுக்கு வெளியிலிருந்து ஒருவர் இழுக்கலாம். நரம்பைப் பிறகு கணினியில் அழித்துவிடலாம். கேள்வி, அலகு தொடும் ஃபிரேமுக்கும் வடை நகரத் தொடங்கும் ஃபிரேமுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பது. இதற்கு விடை 1946-இல் ஆல்பர் மிஷோத் எழுதிய நூலில் இருக்கிறது. அவர் சுழலும் தட்டில் வண்ணக் கோடுகளை வரைந்து, ஒரு பிளவு வழியாகப் பார்க்கவைத்தார். ஒரு கட்டம் நகர்ந்து வந்து இன்னொன்றைத் தொடும். உடனே இரண்டாவது நகரும். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் கட்டம் இரண்டாவதைத் தள்ளியதாகவே தெரிந்தது. அது தாளில் வரைந்த வண்ணம் என்பது தெரிந்திருந்தும் அப்படித்தான் தெரிந்தது. தொட்டதற்கும் நகர்ந்ததற்கும் இடையில் தாமதம் கூடக்கூட அந்த உணர்வு தளர்ந்தது, சுமார் 0.15 வினாடியைத் தாண்டியபோது, ஒன்று வந்து நின்றது, மற்றொன்று தன்பாட்டுக்குக் கிளம்பியது என்று இரண்டு தனித்தனி நிகழ்ச்சியாகப் பிரிந்துவிட்டது. வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 0.15 வினாடி என்பது மூன்றரை ஃபிரேம். அதாவது, மாணவர்களின் காக்கை வடையைத் திருடுகிறதா, அல்லது வடை தானாகக் கிளம்பிப் போகும்போது பக்கத்தில் ஒரு காக்கை படம் ஓடுகிறதா என்பது மூன்று ஃபிரேமுக்குள் முடிவாகிவிடுகிறது.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு; அனிமேஷன் செய்பவர்களுக்குத் தெரியும், ஷூட்டிங் செய்பவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைப்பார்கள். வினாடிக்குப் பன்னிரண்டு படம் போதும், உழைப்பு பாதியாகும். ஆனால் நரம்பால் இழுத்த வடை எந்த ஃபிரேமிலும் நகரத் தொடங்கலாம். காக்கை ஒற்றைப்படை ஃபிரேமில் மட்டுமே படம் மாறுகிறது, வடை இரட்டைப்படையில் நகர்கிறது என்றால், வடை காக்கைக்கு முன்னாலேயே முந்திக்கொள்ளும். தாமதத்தை மூளை ஓரளவு பொறுக்கும். காரணத்துக்கு முன்னால் காரியம் வருவதை அவ்வளவாகப் பொறுக்காது. ஆகவே வடை நகரும் ஃபிரேம் எண்ணை முதலில் குறித்துக்கொண்டு, அதற்குச் சரியாக அல்லது ஒரு ஃபிரேம் முன்னதாக அலகு தொடும் படம் விழும்படி காக்கையின் கணக்கைப் பின்னோக்கி எழுத வேண்டும். அந்த எண் எடிட்டரின் டைம்லைனில் மட்டுமே கிடைக்கும். கூடவே 'டக்' என்று ஒரு சின்ன ஓசையையும் அதே ஃபிரேமில் வைக்கச் சொல்வேன். 1997-இல் 'நேச்சர்' இதழில் ராபர்ட் செக்யூலர் குழுவினர் வெளியிட்ட சோதனையில், திரையில் இரண்டு வட்டங்கள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று கடந்து போகும். சத்தமில்லாமல் பார்த்தால் பெரும்பாலும் கடந்து போவதாகவே தெரியும். சந்திக்கும் கணத்தில் ஒரு 'கிளிக்' ஓசை சேர்த்தால், மோதித் திரும்புவதாகப் பலருக்குத் தெரியத் தொடங்கும். படத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. மோதல் காதில் நடந்தது.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் எடிட்டர் கடைசியில் வருகிறவர். எடுத்தது நிறைய, வைப்பது கொஞ்சம். எறிவதில்தான் அவர் கலை இருக்கிறது. அனிமேஷனில் அவர் முதலில் வருகிறவர். எறிவதற்கு அங்கே எதுவும் இருக்கக்கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒருவரின் முதுகுவலி. எட்டு வினாடி ஷாட் ஒன்றுக்கு இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று என்று வைத்தாலும் 96 படங்கள். வரைந்து முடித்தபின் எடிட்டர் அதை மூன்று வினாடியாக்கினால் 60 படங்கள் குப்பைக்குப் போகும். வரைந்தவர் அடுத்த ஷாட்டுக்கு வருவாரா என்பதும் சந்தேகம். அதனால்தான் அனிமேஷன் ஸ்டுடியோக்கள் ஸ்டோரிபோர்டுப் படங்களையும் தற்காலிக வசனத்தையும் வைத்து அனிமேட்டிக் என்ற முன்னோட்டப் படத்தைத் தொகுத்து, நீளத்தை முடிவு செய்த பிறகே வரைய உட்காருகின்றன. இரண்டும் கலந்த படத்துக்கு இந்த இரு பழக்கங்களும் எதிரும் புதிருமாக வந்து மோதும். மோதலைத் தீர்க்க உலகம் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: நடிப்பை முதலில் எடு, அதைத் தொகுத்துப் பூட்டு, பூட்டிய ஃபிரேம்களின்மேல் வரை.

1988-இல் வந்த 'ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்' அப்படித்தான் செய்யப்பட்டது. நடிகர்கள் வெற்றிடத்தோடு பேசி நடித்தார்கள். தொகுத்த ஃபிரேம்களைப் பெரிய தாளில் பிரதி எடுத்து, அவற்றின்மேல் ரிச்சர்ட் வில்லியம்ஸ் தலைமையில் ஓவியர்கள் முயலை வரைந்தார்கள். அந்தப் படம் வாங்கிய ஆஸ்கர்களில் ஒன்று படத்தொகுப்புக்கானது. பெற்றவர் ஆர்தர் ஷ்மிட். முயலை வரைவதற்கு முன்பே, வெறும் இடத்துக்கு நேரம் ஒதுக்கித் தொகுத்த வேலைக்கு அந்தப் பரிசு வந்தது என்பதை யோசித்துப் பார்க்கலாம். நம் ஊரில் அடுத்த வருஷமே, 1989-இல், ஏவி.எம். தயாரித்து எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'ராஜா சின்ன ரோஜா' வந்தது. ரஜினிகாந்தும் குழந்தைகளும் காட்டுக்குள் வரைந்த விலங்குகளோடு ஆடிப்பாடும் அந்தப் பாட்டைக் கணினி தமிழ் சினிமாவுக்குள் பரவுவதற்கு முந்தைய காலத்தில் செய்தார்கள். அது பாட்டாக இருந்தது தற்செயலாகத் தெரியவில்லை எனக்கு. பாட்டுக்குத் தாளம் உண்டு. தாளம் முன்கூட்டியே ஒலிநாடாவில் பதிவாகிவிட்டது. எந்த அடிக்கு எந்தக் கால் தூக்க வேண்டும் என்ற கணக்கு, ஷூட்டிங்குக்கு முன்பே நடிகருக்கும் ஓவியருக்கும் பொதுவாகக் கையில் இருக்கிறது. 1945-இல் 'ஆங்கர்ஸ் அவே' படத்தில் ஜீன் கெல்லி, ஜெர்ரி எலியோடு சேர்ந்து ஆடியதும் நடனம்தான். இசைத்தட்டு அங்கே எடிட்டர் வேலையைப் பாதி செய்துவிடுகிறது. பாட்டி கதையில் தாளம் இல்லை. ஆகவே எடிட்டரே தாளம் போட வேண்டும்.

கேமராவிலும் நேரம் ஒளிந்திருக்கிறது, அதைக் கவனிக்காமல் விட்டால் எடிட்டிங் மேசையில் திருத்த முடியாது. பழைய உதாரணத்துக்கே போவோம். ஒரு ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று என்றால் வினாடிக்கு 300. கேமராவின் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு வினாடி திறந்திருந்தால் அதற்குள் ஸ்பிண்டில் ஆறு சுற்று சுற்றிவிடும். படத்தில் மங்கலான தூண்தான் பதியும். ஷட்டரை ஐயாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் இருபத்திரண்டு பாகைகூடத் திரும்பியிருக்காது, கூர்மையாகப் பதியும். அப்போது வினாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால், இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் சரியாகப் பன்னிரண்டு முழுச் சுற்று. ஸ்பிண்டில் அசையாமல் நிற்கும். 24 எடுத்தால் பன்னிரண்டரைச் சுற்று. முன்னும் பின்னுமாகத் துள்ளும். வேடசந்தூர் உச்சிவெயிலில் செல்போன் கேமரா தானாகவே ஷட்டரை ஆயிரத்தில், இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று சுருக்கிக்கொள்ளும். பாட்டி கை வீசினால் விரல்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் வெட்டி வைத்த மாதிரி கூர்மையாக இருக்கும். மங்கலே இல்லாத வரைபடத்தோடு அது நன்றாகப் பொருந்துமே என்று ஒருவர் கேட்கலாம்; ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால் மாலையில் வீட்டுக்குள் எடுத்த ஷாட்டில் அதே கை இழுவையாகத் தெரியும், காக்கை மட்டும் கூர்மையாகவே நிற்கும். ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டு படம் முழுக்க அதையே வைத்திருப்பது முக்கியம். ஐம்பதில் ஒரு பங்கு நல்ல தேர்வு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப் லைட் வினாடிக்கு நூறு தடவை மினுக்கும், ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டருக்குள் ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டு மினுக்கு அடங்கிவிடும். வெயிலில் இதைச் சாதிக்க லென்சுக்குமுன் என்.டி. ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி வேண்டும். இன்னொன்று: செல்போன் '30 ஃபிரேம்' என்று சொன்னாலும் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப அந்த எண் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட ஃபைலை அப்படியே டைம்லைனில் போட்டு ஃபிரேம் எண்ணுவது, நீளும் ரப்பரில் செய்த அளவுகோலால் துணி அளப்பது மாதிரி. முதல் காக்கையை வரையும் முன், எல்லா ஷாட்டையும் மாறாத ஒரே ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நிழலும் நேரத்தோடு சேர்ந்ததுதான் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கும். 1997-இல் டேனியல் கெர்ஸ்டனும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரு பெட்டிக்குள் பந்து போகும் அனிமேஷனைக் காட்டினார்கள். பந்தின் பாதை இரண்டு படத்திலும் ஒன்றேதான். ஒன்றில் நிழல் பந்தை ஒட்டியே போகும். பந்து தரையில் உருண்டு உள்ளே போவதாகத் தெரியும். மற்றொன்றில் நிழல் மெல்லப் பிரிந்து போகும். அதே பந்து காற்றில் எழும்புவதாகத் தெரியும். காக்கை மண்ணில் இறங்குகிறதா, மண்ணுக்குமேல் மிதக்கிறதா என்பதை அதன் கால்கள் சொல்லாது, காலுக்குக் கீழே உள்ள கறுப்புத் திட்டு எந்த ஃபிரேமில் காலோடு ஒட்டுகிறது என்பதே சொல்லும். ஜீன் கெல்லி ஆடும் பளபளத் தரையில் அவர் பிரதிபலிப்போடு ஜெர்ரியின் பிரதிபலிப்பும் விழுவது இதற்காகத்தான். வெளிப்புறப் படப்பிடிப்பில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேடசந்தூர் இருப்பது வடக்கே பத்தரைப் பாகையில்; சித்திரை முதல் வாரத்தில் உச்சிப்பொழுது வெயில் ஏறக்குறைய நேர்மேலே நிற்கும், நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். பதினொரு மணி ஷாட்டையும் மூன்று மணி ஷாட்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் பாட்டியின் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும். சாதாரணப் படத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. இங்கே கவனிப்பார்கள், ஏனென்றால் காக்கைக்கு வரைந்த நிழல் பாட்டியின் நிழலோடு போட்டியிட்டுக்கொண்டே இருக்கும்.

பாட்டி எங்கே பார்க்கிறார் என்பதும் எடிட்டர் கையில்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரே நடிகரின் ஒரே முகபாவத்தை வெவ்வேறு ஷாட்டுகளுக்குப் பக்கத்தில் ஒட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சியைக் கண்டதாகச் சொன்ன சோதனை சினிமாப் பாடங்களில் தவறாமல் வரும். கலப்புப் படத்துக்கு இது வரப்பிரசாதம்: பாட்டி நிமிர்ந்து பார்க்கிறார், கட், கிளையில் காக்கை. இரண்டும் ஒரே ஃபிரேமில் வரவே வேண்டியதில்லை. வரைவது எளிதாகும், பின்னணி ஒட்டுவது மிச்சம். ஆனால் பார்வை திரும்பி நின்ற பிறகே வெட்ட வேண்டும், திரும்பும்போதே வெட்டினால் காக்கை இருக்குமிடம் நிச்சயமாகாது. ஷூட்டிங்கில் கிளையில் ஒரு கறுப்புத் துணியைக் கட்டி, அதைப் பார்க்கச் சொன்னால் போதும். என்னைக் கேட்டால், ஐந்து நிமிடக் குறும்படத்தில் பாட்டியும் காக்கையும் ஒன்றாகத் தெரியும் ஷாட் நாலைந்துக்கு மேல் தேவையில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது ஒன்று உண்டு. முன்கூட்டியே பூட்டினால் எடிட்டிங் மேசையில் நடக்கும் கண்டுபிடிப்பு செத்துப்போகுமே என்பது அது. எந்த எடிட்டரும் ஒப்புக்கொள்வார், கதையில் எழுதாத ஒரு பார்வை, ஒரு மௌனம் மேசையில்தான் கிடைக்கும். இது உண்மை, முழுமையாக மறுக்கும் பதில் என்னிடம் இல்லை. ஆனால் கண்டுபிடிப்புக்கு முழுமையான காக்கை தேவையில்லை. ஹைடர், சிம்மல் காட்டிய முக்கோணம் கோபப்பட்டதை நினைவில் வைத்தால், ஒரு கறுப்புப் புள்ளியை ஷாட்டின்மேல் நகர்த்தியே எடிட்டர் எல்லா சோதனையும் செய்துபார்க்கலாம். புள்ளி நடிக்கவில்லையென்றால் காக்கையும் நடிக்காது. அப்படிப் பூட்டிய பிறகும் ஒவ்வொரு ஷாட்டின் இருபுறமும் எட்டுப் பத்து ஃபிரேம் கூடுதலாக வரைந்து வைத்தால், வரைபடம் வந்தபின் இழுத்துச் சரிசெய்ய இடமிருக்கும். அதற்குமேல் மாறினால், மாறியது கதை என்று அர்த்தம். அதற்கு வரைந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம்: 2018-இல் வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்தில் ஒரே ஃபிரேமுக்குள் ஒரு பாத்திரம் ஒவ்வொரு ஃபிரேமும், இன்னொன்று இரண்டுக்கு ஒரு தடவையும் அசைந்ததே, மக்கள் ரசித்தார்களே, பொருந்தாமையே ஓர் அழகுதானே? அழகுதான். அங்கே அந்தத் தடுமாற்றம், புதிதாகப் பழகும் ஒரு பையனின் தடுமாற்றமாகக் கதைக்குள் பொருள் பெற்றது. ஃபிரேம் ஃபிரேமாகத் திட்டமிட்டுச் செய்த பிசிறு அது. நேரத்தை மீறுவதற்கும் நேரக் கணக்கு வேண்டும். கேமராவைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே எடுத்த ஷாட்டில், மரம் ஒவ்வொரு ஃபிரேமும் நகர, காக்கை ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் நகர்ந்தால், அது கிளைமேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதை யாரும் பாணி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆடிக் காற்றில் கிளை ஆடினாலும் இதே கதைதான். தீர்வு எளிது: படத்தை இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று வரை, அதன் இடத்தை மட்டும் ஒவ்வொரு ஃபிரேமும் கிளையோடு சேர்த்து நகர்த்து. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரே இதைச் செய்யும். நடுப்படங்களைத் தானாக நிரப்பிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. அவை இரண்டு படத்துக்கு நடுவில் எதை வைப்பது என்று சொல்லும். பாட்டி எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லாது.

கடைசியாகக் கதையின் முடிவு இருக்கிறது. நரி பாடச் சொல்கிறது, காக்கை வாயைத் திறக்கிறது, வடை விழுகிறது. பாட்டி சுட்ட வடை நிஜம் என்றாலும், கிளைக்குப் போன பிறகு காக்கை வாயில் இருந்தது காக்கையோடு சேர்த்து வரைந்த வடை. மண்ணில் விழுந்து கிடக்க வேண்டியது நிஜ வடை. எங்கே மாற்றுவது? கிளை நாலு மீட்டர் உயரம் என்றால் விழ ஆகும் நேரம் 0.9 வினாடி, அதாவது 22 ஃபிரேம். முதல் ஆறு ஃபிரேமில் வடை முப்பது சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். கடைசி ஆறு ஃபிரேமில் ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல் பாயும். ஒரே சீரான இடைவெளியில் வரைந்தால், அது எவ்வளவு அழகான வடையாக இருந்தாலும் லிஃப்டில் இறங்குவது மாதிரி இறங்கும். பதினெட்டாவது ஃபிரேமில் அதன் வேகம் வினாடிக்கு ஏழு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரில் அந்த ஒரு ஃபிரேமுக்குள்ளேயே பதினாலு, பதினைந்து சென்டிமீட்டர் ஓடும்; ஒரு வடையின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு. நடுவில் துளை, மேலே மொறுமொறுப்பு, எண்ணெய்ப் பளபளப்பு எதுவும் தெரியாது, பழுப்பு நிறத்தில் ஓர் இழுவை மட்டும் இருக்கும். வரைந்த வடையை அந்த ஃபிரேமோடு நிறுத்திவிட்டு, கேமராவை அசைக்காமல் ஸ்டாண்டில் வைத்து, ஒருவர் மரத்திலேறி நிஜமாகவே ஒரு வடையைப் போட்டு எடுத்த ஷாட்டின் பத்தொன்பதாவது ஃபிரேமிலிருந்து தொடரலாம். மரத்திலிருப்பவர் கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.